காற்றுக்குழாய் நகரமும் நம் வீட்டுப் பின்சந்தும்

அன்புள்ள ரவி,

ஃபிலிம் சொசைட்டியின் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று போன மாதம் கேட்டார்கள். தலைப்பையும் அவர்களே தந்துவிட்டார்கள்: விஞ்ஞானக் கற்பனைப் படங்களில் சமூக விமர்சனம். மட்டாஞ்சேரியில் இதை எழுத உங்களை விட்டால் ஆள் கிடையாது என்று செயலாளர் சொன்னார். தேயிலைக் கம்பெனியில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவனுக்கு அந்த வார்த்தை இனிக்கத்தான் செய்தது. மலையாளத்தில் இரண்டு பக்கம் எழுதினேன். மூன்றாம் பக்கத்தில் ‘சமத்துவம்’ என்று எழுதியதும் பேனா ஓடவில்லை. நான்கு நாள் அந்தத் தாள் மேஜைமேல் கிடந்தது. ஐந்தாம் நாள் அதைக் கிழித்துப் போட்டேன். சில நாள் கழித்து உனக்கு இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்தேன். கட்டுரைக்குப் பதிலாக இதையே மலரில் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். தமிழில் எழுதுகிறேன், ஏனென்றால் இதில் வருகிற பேச்செல்லாம் தமிழில் நடந்தது. அவர்கள் மொழிபெயர்த்துக்கொள்ளட்டும். நீ மலையாளப் பள்ளியில் படித்தவன், தமிழை எழுத்துக் கூட்டித்தான் படிப்பாய். பரவாயில்லை, மெதுவாகப் படி.

பம்பாயில் உன் கல்யாணம் பதிவான அன்று, உன் சிநேகிதர்களிடம் என்னை அறிமுகப்படுத்தினாய். “அப்பா சினிமாவைப் பத்தி ரொம்ப நன்னாப் பேசுவார்” என்றாய். அவ்வளவுதான். வேறொன்றும் சொல்லவில்லை. நீ கேலியாகச் சொல்லவில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் இருபது வருஷம் என்னோடு வாழ்ந்த பிள்ளைக்கு என்னைப் பற்றிச் சொல்ல அது ஒன்றுதான் இருந்தது என்று திரும்பி வருகிற ரயில் முழுக்க நினைத்துக்கொண்டு வந்தேன். உன் அம்மா கேட்டாள், ஏன் சாப்பிடவில்லை என்று. வயிறு சரியில்லை என்றேன்.

நான் சொல்லப் போவது எமர்ஜென்சி முடிந்த அடுத்த வருஷம் நடந்தது. நீ பத்தாம் வகுப்பில் இருந்தாய். எங்கள் சொசைட்டிக்கு நூற்றுக்கு மேல் அங்கத்தினர்கள் சேர்ந்திருந்தார்கள்: வக்கீல்கள், கல்லூரி ஆசிரியர்கள், கடைத்தெரு மிளகு வியாபாரிகளின் பிள்ளைகள், கட்சிக்காரர்கள். நூலகத்தின் மாடியில் நாற்காலி போட்டு, ஒரே ஒரு புரொஜெக்டரை வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ரீல் முடிந்ததும் விளக்கைப் போட்டு, அடுத்த ரீலைச் சுற்றிப் படம் காட்டுவோம். படத்துக்குக் குறிப்பு எழுதுவது என் வேலை. ஸ்டென்சில் வெட்டி, கம்பெனி சைக்ளோஸ்டைலில் உருட்டி, வாசலில் நின்று ஒவ்வொருவர் கையிலும் கொடுப்பேன். ஆபீஸில் என்னை யாரும் திரும்பிப் பார்த்ததில்லை. அந்த மாடியில் நான் ஒரு ஆள். பெரிய வக்கீல்கள்கூட, “ஸ்வாமி, இந்த சீனுக்கு என்ன அர்த்தம்?” என்று என்னிடம் கேட்பார்கள்.

அந்த வருஷம் எதிர்கால உலகத்தைப் பற்றிய படங்களாக மூன்று நாள் விழா வைத்தோம். மூன்றாம் நாள் படம், கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த ஒரு கறுப்பு வெள்ளைப் படம். பெயர் எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. நான்தான் அதற்குக் ‘காற்றுக்குழாய் நகரம்’ என்று பெயர் வைத்தேன். உலகப் படவிழாக்களில் அது எடுபடவில்லையாம். ஆனால் நம் ஊர் சொசைட்டிகளில் அதற்குப் பக்தர் கூட்டமே இருந்தது. கோழிக்கோட்டில் பார்த்தவன் மறுபடியும் பார்க்கத் திருச்சூருக்குப் பஸ் ஏறுவான். வசனங்களை மனப்பாடமாகச் சொல்லுகிறவர்கள் இருந்தார்கள்.

நீ பாதிதான் பார்த்தாய், அதனால் கதையைச் சொல்கிறேன். வெளிக்காற்று விஷம் என்று நம்புகிற ஒரு நகரம். எல்லா வீடுகளும் மூடியே இருக்கும். குழாய் வழியாகத்தான் காற்று வரும். அந்தக் குழாய்களைப் பழுது பார்க்கிறவர்கள் மட்டும் வெளியே வசிக்கிறார்கள். அவர்கள் மூச்சிலும் விஷம் இருக்கிறது என்பது நகரத்தாரின் நம்பிக்கை. அதனால் அவர்களுக்குத் தனிப் பொந்து, தனி வழி. வீட்டுக்காரர்கள் அவர்களோடு பேச வேண்டுமானால் சுவரில் ஒரு தகரக் குழல் இருக்கும், அதில்தான் பேச வேண்டும். கடைசியில் ஒரு வீட்டுப் பெண், மூச்சுத் திணறுகிற தன் குழந்தையைத் தூக்கிக்கொண்டு கதவைத் திறந்து வெளியே ஓடுகிறாள். வெளியே காற்று நன்றாகத்தான் இருக்கிறது. எப்போதும் நன்றாகத்தான் இருந்திருக்கிறது.

இதற்கு நான் எழுதிய குறிப்பு மூன்று பக்கம். இயந்திர நாகரிகம், முதலாளித்துவம், மனிதன் மனிதனுக்கு அந்நியமாவது, எல்லாம் அதில் இருந்தது. ஐரோப்பா இருந்தது, அமெரிக்கா இருந்தது. நம் வீட்டுப் பின்சந்து மட்டும் இல்லை.

அந்தச் சந்து உனக்கு ஞாபகம் இருக்கும். நம் வரிசை வீடுகளில் அப்போது வாளிக் கக்கூஸ்தான். தினமும் விடிந்ததும் முருகேசன் வண்டியைத் தள்ளிக்கொண்டு பின்பக்கமாக வருவார். சுவரின் அடியில் உள்ள தகரக் கதவைத் தூக்கி, வாளியை இழுத்து, கொட்டிவிட்டுப் போவார். அவர் அப்பா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து இந்த வேலைக்கென்றே கூட்டி வரப்பட்ட குடும்பம். நாமும் பாலக்காட்டிலிருந்து பிழைக்க வந்தவர்கள்தான், ஆனால் நாம் முன்வாசல் வழியாக வந்தோம். முருகேசன் என்னைவிட மூன்று நான்கு வயது மூத்தவர். நான் அவரை ‘நீ’ என்றுதான் பேசினேன். இன்று எழுதும்போது ‘அவர்’ என்று வருகிறது. அன்று வந்திருக்க வேண்டும்.

விழாவுக்கு ஒரு மாதம் முன்பு, நான் பின்வாசலில் நின்று பல் தேய்த்துக்கொண்டிருந்தபோது, வண்டியைத் தள்ளி நிறுத்திவிட்டு அவர் கேட்டார்.

“சாமி, நூலக மாடில படம் காட்றீங்களாமே. நோட்டீஸ்ல சாமி பேரு இருக்கு. எனக்கும் ஒரு கார்டு கிட்டுமா?”

“அதெல்லாம் வெளிநாட்டுப் படமாக்கும், முருகேசா. பாட்டு, சண்டை ஒண்ணும் இருக்காது. பாஷையும் மனசிலாகாது.”

“யாருக்குமே பாஷை தெரியாதுல்ல சாமி. அப்ப எல்லாருக்கும் ஒண்ணுதானே.”

நான் வாயைக் கொப்பளித்தேன். கமிட்டியில் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். கமிட்டியில் நான் கேட்கவே இல்லை. கேட்டிருந்தால் அந்தக் கட்சிக்காரர்களும் வக்கீல்களும் மறுத்திருப்பார்களா என்று எனக்குத் தெரியாது. மறுக்காமலும் இருந்திருக்கலாம். அதுதான் என் பயம் என்று இப்போது தோன்றுகிறது. அவர்கள் சரி என்று சொல்லிவிட்டால், பக்கத்து நாற்காலியில் அவர் உட்காருவார், நான் உட்கார வேண்டும்.

மூன்றாம் நாள் மாலை, நம் குடும்பக் கார்டில் உன் அம்மாவுக்குள்ள இடத்தில் நீ அவரை அழைத்து வந்தாய். அம்மா அந்தப் படங்களுக்கு வருவதில்லை, இடம் எப்போதும் காலிதான். நான் முன்னால் நின்று படத்தை அறிமுகம் செய்துகொண்டிருந்ததால் நீங்கள் நுழைந்ததைப் பார்க்கவில்லை. விளக்கு அணைந்தது. இரண்டாவது ரீல் முடிந்து விளக்கு வந்தபோதுதான் பார்த்தேன். கடைசிக்கு முந்தின வரிசை. வெள்ளைச் சட்டை, எண்ணெய் தேய்த்து வாரிய தலை. என் குறிப்புத் தாளை மடியில் விரித்து வைத்திருந்தார். எழுத்து அவருக்கு எவ்வளவு தெரியுமோ, விரலால் வரியைத் தொட்டுக்கொண்டிருந்தார். நீ அவரிடம் ஏதோ சொல்லிக்கொண்டிருந்தாய். அவர் சிரித்தார்.

யாரும் எதுவும் சொல்லவில்லை, ரவி. இதை நான் அழுத்தி எழுத வேண்டும். முன்வரிசையில் ஒருவர் திரும்பிப் பார்த்துவிட்டு, “ஸ்வாமி, அது நம்மட சந்தில் வருந்ந ஆளல்லே?” என்று மெல்லக் கேட்டார். கேட்டது அவ்வளவுதான். பக்கத்தில் இருந்த இரண்டு பேர் நாற்காலியை நகர்த்தியது போல் இருந்தது. காற்றுக்காகக்கூட நகர்த்தியிருக்கலாம். அவரை வெளியே அனுப்பு என்று ஒருவரும் சொல்லவில்லை. நானாகத்தான் நடந்து போனேன்.

“முருகேசா, இது கொஞ்சம் கஷ்டமான படமாக்கும். மீதிக் கதையை நாளைக்கு நான் சொல்லித் தரேன்.”

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். கோபம் இல்லை. முகத்தில் இருந்த சிரிப்பு எங்கே போவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது. “செரி சாமி” என்றார். குறிப்புத் தாளை நான்காக மடித்து நாற்காலியில் வைத்துவிட்டு எழுந்தார். நீயும் எழுந்தாய். “நீ உக்காரு” என்றேன். நீ என்னைப் பார்க்கவே இல்லை. அவருக்குப் பின்னால் படியிறங்கிப் போனாய். நான் புரொஜெக்டர்காரரைப் பார்த்து, ஆரம்பிக்கலாம் என்று கையசைத்தேன். படம் முடிந்ததும் இருபது நிமிஷம் பேசினேன். நன்றாகப் பேசினேன். கைதட்டினார்கள்.

அன்று வீட்டில் நீ சண்டை போடவில்லை. போட்டிருந்தால் நான் சமாதானம் சொல்லியிருப்பேன், எனக்கு வார்த்தைக்கா பஞ்சம். “அந்தக் குறிப்பு எழுதினது நீங்கதானா அப்பா?” என்று மட்டும் கேட்டாய். ஆமாம் என்றேன். அப்புறம் நீ அந்த மாடிக்கு வரவே இல்லை. படிப்பு, வேலை, பம்பாய் என்று தூரம் கூடிக்கொண்டே போனது. வருகிறபோது உடம்பைக் கேட்பாய், பென்ஷனைக் கேட்பாய். இந்தப் பத்து வருஷமும் நான் ஒன்றே ஒன்றைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்: ஒரு மனிதரைப் பாதிப் படத்தில் எழுப்பி அனுப்பியதை நீ மன்னிக்கவில்லை என்று. உள்ளுக்குள் கொஞ்சம் கோபமும் இருந்தது. ஒரு படம்தானே, அதற்கு இத்தனை வருஷமா என்று.

அந்த மாதிரிப் படங்களை எடுத்தவர்கள் கெட்டிக்காரர்கள். வீட்டுப் பக்கத்தில் நடப்பதை நேராகக் காட்டினால் நாம் முகத்தைத் திருப்பிக்கொள்வோம் என்று தெரிந்து, அதைத் தூக்கி இன்னொரு காலத்தில், இன்னொரு நகரத்தில் வைத்துக் காட்டினார்கள். தூரத்தில் இருந்தால் பயமில்லாமல் பார்ப்போம், பார்த்த பிறகு ஊரை அடையாளம் கண்டுகொள்வோம் என்று எண்ணினார்கள். பாதிதான் பலித்தது. நாங்கள் பார்த்தோம். ஆனால் அந்தத் தூரத்திலேயே வசதியாக உட்கார்ந்துவிட்டோம். அந்தத் தகரக் குழலைப் பார்த்துக் கண்ணீர் விட்ட வக்கீலை நான் அறிவேன். நானும் விட்டேன். அடுத்த நாள் காலை நம் பின்சுவரின் தகரக் கதவு தூக்கப்படுகிற சத்தம் கேட்டது. நான் வழக்கம்போல் போர்வையை இழுத்துக்கொண்டேன். மீதிக் கதையைச் சொல்ல நான் எழுந்து போகவில்லை. அவரும் கேட்கவில்லை.

கட்டுரையைக் கிழித்துப் போட்ட அன்று, அவரைப் போய்ப் பார்ப்பது என்று முடிவு செய்தேன். வேலையிலிருந்து நின்றுவிட்டார் என்றும், தோப்பும்படிக்குப் போகும் வழியில் ஒரு குடியிருப்பில் இருக்கிறார் என்றும் விசாரித்துத் தெரிந்துகொண்டேன். மத்தியானத்துக்கு மேல் போனேன். இரண்டு படி, ஒரு அறை, வாசலில் பெஞ்சு. முழங்காலில் துணி சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்திருக்கப் பார்த்தார். “வேண்டாம், நீ… நீங்க உக்காருங்கோ” என்றேன். நாக்கு இடறியதை அவரும் கவனித்தார். பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டு வந்ததைச் சொன்னேன். அன்றைக்குப் பாதிப் படத்தில் எழுப்பி அனுப்பியது பெரிய தப்பு, பத்து வருஷமாக அது என்னை அரிக்கிறது, மன்னிக்க வேண்டும் என்றேன்.

அவர் கொஞ்ச நேரம் யோசித்தார். நடிக்கவில்லை, உண்மையாகவே யோசித்தார்.

“படமா? ஆமா, சின்ன சாமி கூட்டிட்டுப் போனாரு. குழாய்க்குள்ள ஆளுங்க பேசுவாங்க. அது போட்டும் சாமி, இதெல்லாம் எத்தனையோ பாத்தாச்சு. நான் அந்தப் பாரத்துக்காக்கும் வந்திருக்கீங்கன்னு நெனச்சேன்.”

“எந்தப் பாரம்?”

“என் மவ பாரம்.”

எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவர் முகத்தைப் பார்த்தேன். எனக்கு நினைவில்லை என்று அவருக்குப் புரிந்த நேரத்தை நான் கண்ணால் கண்டேன். படத்திலிருந்து எழுந்து போனபோது இல்லாத ஒன்று அப்போது அந்த முகத்தில் வந்தது.

அந்த விழா சமயத்தில் அவர் மகள் பள்ளிப் படிப்பை முடித்து நர்ஸ் பயிற்சிக்கு மனுப் போட இருந்திருக்கிறாள். நல்ல மார்க். மனுப் பாரத்தில் உள்ள நன்னடத்தைச் சான்றில் ஊரில் அறியப்பட்ட ஒருவர் கையெழுத்திட வேண்டும். “வேற ஆருகிட்ட போவேன்? தமிழ்ல கேக்க எனக்கு அந்தச் சந்துல சாமி மட்டும்தானே” என்றார். என்னிடம் கேட்டிருக்கிறார். நான் சரி என்று சொல்லியிருக்கிறேன். உன் கையில்தான் அந்தப் பாரத்தைக் கொடுத்திருக்கிறார். “தெனமும் பொறவாசல்ல கேப்பேன். சாமி சொன்னீங்க, இந்த வாரம் விழா இருக்கு, குறிப்பு எழுதணும், அடுத்த வாரம் பாக்கலாம்னு. சின்ன சாமி பாவம், நாலஞ்சு தடவை ஞாபகப்படுத்தினேன் அண்ணேன்னு சொன்னாரு. விழா முடியறதுக்குள்ள கடைசித் தேதி போச்சு. அன்னைக்குத்தான் சின்ன சாமி என்னைப் படத்துக்கு வாங்கன்னு கூப்பிட்டாரு. எனக்கு வர மனசில்ல. அந்தப் பிள்ளை மொகத்தப் பாத்து வந்தேன்.”

என் கையெழுத்து ஒரு நிமிஷ வேலை, ரவி. அந்த நிமிஷத்தை மனிதன் மனிதனுக்கு அந்நியமாவதைப் பற்றி எழுதுவதில் செலவழித்தேன்.

அந்தப் பெண் இப்போது என்ன செய்கிறாள் என்று கேட்டேன். செம்மீன் ஷெட்டில் இறாலுக்குத் தோல் உரிக்கிறாள் என்றார். ஐஸில் விரலெல்லாம் வெடித்திருக்கிறது என்றார். இரண்டு குழந்தைகள். வழக்கம்போல் ஏதாவது செய்துவிட வேண்டும் என்ற பதற்றத்தில், “ஒரு சாயா தருவேளா?” என்று கேட்டேன். அங்கே உட்கார்ந்து அவர் வீட்டுச் சாயாவைக் குடித்தால் ஏதோ கொஞ்சம் நேராகிவிடும் என்று நினைத்தேன் போலிருக்கிறது. “பால் தீந்து போச்சு சாமி” என்றார். உள்ளே ஸ்டவ்மேல் பால் பாத்திரம் இருந்தது எனக்குத் தெரிந்தது. அவரும் அதை மறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து உன் அம்மாவிடம் கேட்டேன், அப்படி ஒரு பாரம் இருந்ததா என்று. அவள் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். தலை நிமிரவில்லை. “அலமாரி மேலே இருந்தது. ரவி தெனமும் எடுத்து உங்க மேஜைமேல வைப்பன். நீங்க எழுத எடம் வேணும்னு தெனமும் எடுத்து அலமாரி மேலே வைப்பேள். நானும் பாத்துண்டுதான் இருந்தேன்” என்றாள். கடைசி வாக்கியத்தைச் சொல்லும்போது அவள் கை நின்றது.

ஆக, பத்து வருஷமாக நான் தப்பான குற்றத்துக்கு வருந்திக்கொண்டிருந்திருக்கிறேன். என்னைக் கொஞ்சம் அழகாகக் காட்டுகிற குற்றத்தைத் தேர்ந்தெடுத்துக்கொண்டேன். அதில் விளக்கு இருந்தது, கூட்டம் இருந்தது, படம் இருந்தது. மற்றதில் மேஜைமேல் ஒரு தாள் மட்டும்தான். நீ அந்தத் தாளை ஒவ்வொரு நாளும் எடுத்து வைத்தாய். கடைசியில் உன்னால் அவருக்குக் கொடுக்க முடிந்தது உன் அம்மாவின் காலி நாற்காலி ஒன்றுதான். அதிலிருந்தும் நான் அவரை எழுப்பிவிட்டேன். பதினைந்து வயதில் நீ அதை யாரிடம் சொல்லியிருப்பாய்? நான் மறந்துபோனேன் என்பதுகூட உனக்குத் தெரிந்திருக்காது. வேண்டுமென்றே செய்தேன் என்று நினைத்திருப்பாய். எது கேவலம் என்று எனக்கே தெரியவில்லை. உனக்குப் புத்தி சொல்லுகிற தகுதி எனக்கு இல்லை. ஒன்றே ஒன்று கேட்கிறேன்: உன் மேஜைமேல் யாருடைய தாளாவது கிடந்தால், நீ எவ்வளவு நல்ல காரியத்தில் இருந்தாலும், முதலில் அதைக் கையில் எடு.

அன்று நான் அங்கிருந்து கிளம்பும் முன் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். அவர் மகள் வேலை முடிந்து வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் தூக்கு, கால் நனைந்திருந்தது. “இதாம்மா அந்த சாமி” என்றார் முருகேசன். அவள் என்னை நன்றாகப் பார்த்தாள். “அறியாம்” என்றாள், தெரியும் என்று மலையாளத்தில். தூக்கைக் கீழே வைத்துவிட்டு, ஏதோ காரியமாக வந்த வெளியாளிடம் கேட்பது போல மரியாதையாக, தமிழில் கேட்டாள்:

“உங்களுக்கு இப்ப என்ன வேணும்?”

நான் நாற்பது வருஷம் பேசிப் பழகியவன். மன்னிப்பு வேண்டும் என்று அவள் அப்பாவிடம் சொல்ல முடிந்தது. அவளிடம் சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அப்போதும் நான் கேட்டு வாங்கிக்கொண்டு போகத்தான் வந்திருந்தேன். ஒன்றும் வேண்டாம் என்றேன். அவள் தலையை ஆட்டினாள். குழந்தைகள் பள்ளிவிட்டு வருகிற நேரம், அவர்கள் உட்கார்ந்து எழுதப் பெஞ்சை உள்ளே எடுக்க வேண்டும் என்றாள். நான் எழுந்து வழிவிட்டேன்.

அப்பா